‘செட்’ என்னும் ஒரு சொல்லுக்கு 400-க்கு மேல் பொருளா?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் ஆங்கில அகராதியில் ‘செட்’ என்னும் சொல்லைத் தேடிப் பார்த்து, பொருள்கள் பக்கக்கணக்கில் நீள்வதைக் கண்டு மலைத்துப்போனாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சூரியனும் ‘செட்’ ஆகிறது, கிண்ணத்தில் ஊற்றிய ஜெல்லியும் ‘செட்’ ஆகிறது, அலமாரியில் இருக்கும் புத்தகங்களும் ஒரு ‘செட்’. இவை மூன்றும் ஒரே சொல்தானா என்று அவள் கேட்டதற்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. இந்தச் சொல்லுக்கு 400-க்கு மேல் பொருள் உண்டு என்பது உண்மையா என்பதே அவர் வெளிப்படையாகக் கேட்டிருக்கும் கேள்வி. இத்தனையையும் ஒரு பிள்ளை எப்படி மனத்தில் ஏற்றுவாள் என்ற கவலை அதற்கு அடியில் இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவதே இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். நீதிமன்றத் தீர்ப்புகள், கட்டுமான ஒப்பந்தங்கள், பாடநூல் பகுதிகள் என எதை எடுத்தாலும் இந்தச் சொல் எதிரே வந்து நிற்கும். மொழியியல் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன் என்பதால், சொல்லின் பிறப்பைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அகராதி ஆசிரியர்கள் ஆய்ந்து நிறுவியவை. தமிழாக்கம் பற்றிச் சொல்வது மட்டும் என் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டது.

முதலில் எண்ணைப் பார்த்துவிடலாம். 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு உரியது. அதில் 430-க்கு மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் கொண்டது. ஆகவே நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. ஆனால் அதே அகராதி 2000-ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாகத் திருத்தப்பட்டு இணையத்தில் வெளிவருகிறது. அந்தத் திருத்தத்தில் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு முன்னால் போய்விட்டதாக 2011-இல் செய்தி வந்தது. ஆகவே ‘செட்’தான் ஆங்கிலத்திலேயே மிகுதியான பொருள் கொண்ட சொல் என்று இன்றைக்கும் சொல்வதானால், எந்தப் பதிப்பின்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொருள்கள் மரத்தில் காய் தொங்குவதுபோல் எண்ணுவதற்குத் தோதாகத் தனித்தனியாகத் தொங்குவதில்லை. மேசைமேல் விளக்கை வைப்பதும் சுவரில் கல்லைப் பதிப்பதும் ஒரே பொருளா, இரண்டா என்பது அகராதியைத் தொகுப்பவர் எடுக்கும் முடிவு. வரலாற்று முறையில் தொகுக்கப்படும் பேரகராதி, ஆயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்ட எடுத்துக்காட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்தவற்றையும் ஒரு தொழிலார் மட்டும் பயன்படுத்தியவற்றையும் விடாமல் பிரிக்கும். மாணவர்களுக்கான கையகராதி அதே பரப்பைச் சில பத்துகளில் அடக்கிவிடும். இன்று ஆங்கிலம் பேசும் ஒருவர் அந்த 430-ஐயும் அறிந்து பேசுவதில்லை; அவற்றில் பலவற்றைக் கேட்டால் அவரே விழிப்பார். உங்கள் மகளிடம் இதைச் சொன்னாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

இனி அவள் கேட்டதற்கு வருகிறேன். சூரியனும் ஜெல்லியும் ஒரே சொல். புத்தகங்களின் ‘செட்’ பிறப்பால் வேறு சொல். வினைச்சொல் பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’ என்பதிலிருந்து வந்தது. பெயர்ச்சொல்லின் தொகுதி என்னும் பொருளோ, லத்தீனின் ‘செக்டா’ என்னும் சொல், பழைய பிரெஞ்சில் ‘செட்’ என்று தேய்ந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்ததால் கிடைத்தது. ஒரு கொள்கையைப் பின்பற்றும் கூட்டத்தாரைக் குறித்த சொல் அது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்பதும் அதே லத்தீன் சொல்லின் இன்னொரு பிள்ளை. இதுவரை ஐயத்துக்கு இடமில்லை. அதன்பின் நடந்ததுதான் சிக்கல். ஒலி ஒன்றாக இருந்ததால் இரண்டு சொற்களும் பேசுவோர் மனத்தில் கலந்துவிட்டன. ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப்பட்டவையே ஒரு ‘செட்’ என்று வினையின் பொருள் பெயருக்குள்ளும் ஊறியது. ஆகையால் இன்றைய பெயர்ச்சொல்லின் ஒவ்வொரு பயன்பாட்டையும் இது லத்தீன் வழி, இது பழைய ஆங்கில வழி என்று கோடு கிழித்துப் பிரிக்க இயலாது. நாடக மேடையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் போடப்படும் ‘செட்’ வினையின் வழி வந்தது, தேநீர்க் கோப்பைகளின் ‘செட்’ தொகுதியின் வழி வந்தது என்று சொல்லலாம். இடையில் இருக்கும் பலவற்றுக்கு இரண்டு பக்கத்து உறவும் உண்டு.

வினைச்சொல்லின் பிறப்புதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் தமிழர் ஒருவருக்கு அது சட்டென்று விளங்கும். உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்பதன் பிறவினையே ‘செட்’. நாம் அமர் என்பதிலிருந்து அமர்த்து என்றும், கிட என்பதிலிருந்து கிடத்து என்றும், வீழ் என்பதிலிருந்து வீழ்த்து என்றும் ஆக்குகிறோம் அல்லவா? ஜெர்மானிய மொழிகளில் அதே வேலையை ஒரு பின்னொட்டு செய்தது. பின்னொட்டு காலப்போக்கில் தேய்ந்து மறைய, அது உயிரெழுத்தில் விட்டுச்சென்ற மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. ‘சிட்’டுக்கு ‘செட்’ போலவே, கிடத்தலைக் குறிக்கும் ‘லை’ என்பதற்கு ‘லே’, விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ என்பதற்கு ‘ஃபெல்’ என்று இன்றும் சில இணைகள் எஞ்சியிருக்கின்றன. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு அந்த ‘ஃபெல்’லைத்தான் ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆக, ‘செட்’ என்பதன் அடிப்பொருள் இருத்துதல், உட்கார்த்துதல். இதைப் பிடித்துக்கொண்டால் பிற பொருள்கள் எந்தத் திசையில் கிளைத்தன என்பது தெரியும்.

ஒன்றை ஓரிடத்தில் உட்கார்த்தினால் அது அங்கேயே இருக்கும். இங்கிருந்து, அசையாமல் நிலைநிறுத்துதல் என்னும் கிளை பிறக்கிறது. மோதிரத்தில் கல் பதித்தல், அச்சகத்தில் எழுத்துக் கோத்தல், முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துதல், திருமணத்துக்கு நாள் குறித்தல், விலை நிர்ணயித்தல், எல்லை வகுத்தல், தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்தல், பாடலுக்கு இசையமைத்தல் எல்லாம் ஆங்கிலத்தில் ‘செட்’ என்னும் ஒரே வினை. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை வந்து நிற்பதைப் பாருங்கள். எலும்பு விஷயத்தில் நம்மவர்கள் பொருத்துவதைவிடக் கட்டுவதையே முதன்மையாகக் கண்டதால், புத்தூர்க் கட்டு என்று பெயர் வைத்தார்கள். அதே வேலையைச் செய்பவரை ஆங்கிலத்தில் எலும்பை ‘செட்’ செய்பவர் என்பார்கள்.

ஜெல்லியும் சிமென்ட்டும் இதே கிளையில் வருபவை. நீர்ம நிலையில் அலைந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் உட்கார்ந்து நிலைபெற்றுவிட்டது என்பதே அங்கே கருத்து. தமிழில் உறை என்னும் வினை தங்குவதையும் குறிக்கும், கெட்டிப்படுவதையும் குறிக்கும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதை இங்கே நான் தீர்மானிக்கவில்லை. இந்தப் பொருள் மாற்றத்தைத் தமிழ்க் காதுக்கு எளிதில் உணர்த்த அந்தச் சொல் உதவும். கட்டடத் தொழிலில் இந்தப் பொருளுக்குத் துல்லியமான அளவே உண்டு. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் நீர் கலந்த பின் முதல் ‘செட்டிங்’ 30 நிமிடத்துக்குக் குறையாமலும், இறுதி ‘செட்டிங்’ 600 நிமிடத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊசி பொருத்திய விகாட் கருவியால் அதைச் சோதிக்கிறார்கள். அங்கே ‘செட்’ ஆவது வேறு, வலுப்பெறுவது வேறு. ‘செட்’ ஆனதென்றால் கலவை இளகும் தன்மையை இழந்துவிட்டது என்று மட்டுமே பொருள். கான்கிரீட்டின் வலுவை 28 நாள் கழித்துச் சோதித்தே கணக்கில் கொள்வார்கள். ஒப்பந்த ஆவணம் ஒன்றில் இரண்டையும் ‘இறுகுதல்’ என்றே தமிழாக்கிவிட்டு, பொறியாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு முழு ஆவணத்தையும் மறுபடி திருத்தியிருக்கிறேன். அன்று முதல் ‘செட்’ ஆவதை இறுகுதல் என்றும், அடுத்ததை வலுப்பெறுதல் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

இந்தக் கிளையை மட்டும் படித்தவர்களுக்கு அடுத்து ஒரு முட்டுக்கட்டை வரும். நிலைநிறுத்துவதே ‘செட்’ என்றால், பயணம் புறப்படுவதற்கும் கைதியை விடுவிப்பதற்கும் வெடியை வெடிக்கச் செய்வதற்கும் அதே சொல் எப்படி வருகிறது? நிறுத்துவதும் கிளப்புவதும் ஒரே வினையா? இங்கேதான் நம்முடைய வை என்னும் வினை கைகொடுக்கும். மேசைமேல் விளக்கை வைக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம், கடிகாரத்தில் அலாரம் வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம், குப்பைக்குத் தீ வைக்கிறோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ வரும். இதோடு நிற்காமல், சிரிக்க வைத்தான், சிந்திக்க வைத்தது, ஓட வைத்தார்கள் என்று எந்த வினையின் பின்னும் வை என்பதைச் சேர்த்து அந்தச் செயலுக்குள் ஒருவரைத் தள்ளிவிடுகிறோம். ஆங்கிலமும் அப்படியே ‘செட்’ என்பதோடு ‘இங்’ விகுதி ஏற்ற வினையைச் சேர்த்து, அது என்னைச் சிந்திக்க வைத்தது என்கிறது. ஓரிடத்தில் வைப்பது, பின்பு ஒரு நிலையில் வைப்பது, அதன் பின்பு ஒரு செயலில் வைப்பது என்று படிப்படியாக நகர்ந்து வந்திருக்கிறது. எரிகிற நிலை, விடுதலை பெற்ற நிலை, ஓடுகிற நிலை என்று எந்த நிலையானாலும் அதில் கொண்டுபோய் வைப்பதுதான் ‘செட்’. நம் மொழியில் வை நடந்த அதே பாதையில் தொடர்பே இல்லாத இன்னொரு மொழிச் சொல்லும் நடந்திருப்பதைக் காணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அகராதியைக் கண்டு மிரளும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

ஆனால் வை எல்லா இடத்திலும் பொருந்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘செட்’ என்பதன் பின்னால் ‘அப்’, ‘ஆஃப்’, ‘இன்’, ‘அசைட்’ போன்ற சிறு சொற்கள் ஒட்டும்போது பொருள் இரண்டின் கூட்டலாக இராது. சேர்ந்தது தனிச்சொல்லாகவே நடக்கும். ‘செட் இன்’ என்றால் ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது, இனி எளிதில் போகாது என்று பொருள். ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதை வானிலை ஆய்வு மையம் ஆங்கிலத்தில் இப்படித்தான் அறிவிக்கும். நம் வீட்டுப் பேச்சில் மழை பிடித்துக்கொண்டது என்பது இதற்கு மிக அருகில் வரும். ‘செட் ஆஃப்’ என்பது புறப்படுதலும் ஆகும், வெடிக்கச் செய்தலும் ஆகும், ஒன்றின் அழகை இன்னொன்று எடுத்துக்காட்டுதலும் ஆகும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அது, எட்டாம் கட்டளையின் ஆறாம் விதியில் இதே சொல், வாதி தனக்குத் தர வேண்டிய தொகையைப் பிரதிவாதி தான் தர வேண்டியதில் கழித்துக்கொள்ளக் கோரும் உரிமையைக் குறிக்கிறது.

இவற்றில் என்னை மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் செய்வது ‘செட் அசைட்’. ஒரு குடும்பம் படிப்புச் செலவுக்குப் பணத்தை ‘செட் அசைட்’ செய்தால் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். ஒரு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் ஆணையை ‘செட் அசைட்’ செய்தால் அதை ரத்து செய்துவிட்டது என்று பொருள். தொழிலுக்கு வந்த புதிதில், ஆணை ‘ஒதுக்கி வைக்கப்பட்டது’ என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த கட்சிக்காரர் ஒருவர், தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை என்று புரிந்துகொண்டு காத்திருந்தார். அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்து பல நாள் ஆகியிருந்தது. பிழை முழுவதும் என்னுடையது. அதை இன்றும் மறக்கவில்லை. ஒரு சொல்லின் பல பொருள்கள் என்பது தேர்வில் இரண்டு மதிப்பெண்ணோடு முடியும் விஷயமில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

உங்கள் மகளுக்கு இன்னொரு குழப்பமும் வரக்கூடும். அது ஆங்கிலத்தால் வருவதன்று. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘செட்’ நன்றாக வேரூன்றிவிட்டது. மைக் செட், பம்ப் செட், நகை செட் என்பவை தொகுதிப் பொருளில் அப்படியே வந்தவை. எங்கள் செட்டுப் பையன்கள் என்று ஒன்றாகப் படித்தவர்களைச் சொல்லும்போது, கூட்டத்தாரைக் குறித்த அந்த லத்தீன் பொருளுக்கு, அறியாமலே, மிக அருகில் போய்விடுகிறோம். ஆனால் அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது, இந்தச் சட்டை உனக்குச் செட் ஆகவில்லை என்பவை நாமே உண்டாக்கிக்கொண்ட வழக்கு. ஒத்துப்போதல், பொருந்துதல் என்னும் இந்தப் பொருளில் ஆங்கிலேயர் யாரும் அச்சொல்லை ஆளமாட்டார்கள். ஆங்கிலக் கட்டுரையில் இப்படி எழுதினால் பிழையாகும். மேலும், சிக்கனத்தைக் குறிக்கும் செட்டு என்று தமிழிலேயே ஒரு சொல் உண்டு. செட்டாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்பதில் வருவது அதுதான். அதற்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒலியைத் தவிர வேறு உறவில்லை.

கணக்குப் பாடத்தில் வரும் ‘செட்’ தொகுதிப் பொருளின் தொடர்ச்சிதான். இந்தக் கருத்தை உருவாக்கிய கணிதவியலாளர் கேன்டர் ஜெர்மன் மொழியில் ‘மெங்கெ’ என்று எழுதியதற்கு ஆங்கிலத்தார் ‘செட்’ என்று வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது கணம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தொடை. இங்கே பொருள் ஒன்றே ஒன்று, வரையறையால் கட்டப்பட்டது. ஆகவே கற்பதற்கு இதில் தொல்லையே இல்லை.

இனி எப்படிக் கற்பது என்பதற்கு வருகிறேன். பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பல பொருள் ஒரு சொல்லின் பொருளை அது கொள்ளும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிய வேண்டும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. ‘செட்’ வினையாக வரும்போது இதையே சற்றுத் திருப்பிப் பயன்படுத்தலாம்: எதை ‘செட்’ செய்கிறார்கள் என்னும் செயப்படுபொருளை முதலில் பார்க்க வேண்டும், பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சொல்லை அடுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ‘செட்’டைப் பார்க்க வேண்டும். படிக்கும்போது எதிர்ப்படும் வாக்கியத்தை முழுதாகக் குறிப்பேட்டில் எழுதி, அருகில் அதற்குரிய தமிழ் வினையை எழுதட்டும்; பொறி வைத்தான், நாள் குறித்தான், கல் பதித்தான் என்று வளரும் அந்தப் பட்டியல் அவளுடையதாக இருப்பதால் நினைவில் நிற்கும். காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்த வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம், ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ எனப்படும் முடிவெச்சம் மூன்றும் ஒரே வடிவம். டகர ஒலியில் முடியும் ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’, ‘ஷட்’ ஆகியவற்றைப் போல, பழைய விகுதி அந்த ஒலியோடு கரைந்துவிட்டது. படர்க்கை ஒருமையில் சகர ஒலி சேர்ந்தால் நிகழ்காலம், சேராவிட்டால் இறந்தகாலம் என்பதை அவள் கவனித்துக்கொண்டால் போதும்.

சூரியனை மட்டும் கடைசிக்கு விட்டேன், ஏனென்றால் அங்கே வை பொருந்தாது; சூரியனை யாரும் எங்கும் வைப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் சூரியன் தன் ‘செட்ல்’ என்னும் இருக்கைக்குப் போகிறது என்றார்கள். மறைவை இருக்கைக்குச் செல்லுதல் என்னும் பொருள்பட ‘செட்ல்கங்’ என்றார்கள். ஆகவே அங்கே ‘செட்’ என்பது உட்கார்த்துதல் என்னும் பிறவினைப் பொருளை விட்டுத் தானே போய் உட்காருதல் என்னும் தன்வினைப் பொருளில் நிற்கிறது. மாலையில் பறவைகள் கூடு அடைவதைச் சொல்லும் அதே வினையால் நாமும் பொழுதடைந்தது என்கிறோம். உங்கள் மகளின் முதல் வாக்கியத்துக்கு அகராதி தரும் அஸ்தமனத்தைவிட இதையே நான் எழுதுவேன்.